கோக்கி ஹொரிகோஷி

கோக்கி ஹொரிகோஷி (அக்டோபர் 28, 1932 – மார்ச் 16, 2016) ஜப்பானைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் ஆவார். காரத்தன்மை மிகுந்த சூழலில் செழித்து வளரும் காரவிரும்பி நுண்ணுயிர்களை முறையாக ஆராய்ந்து, அவை சுரக்கும் நொதியங்களைத் தொழில்துறைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகின்றார். சலவைத்தூளில் சேர்க்கப்படும் நொதியங்கள், மாவுப்பொருளில் இருந்து வளைய டெக்ஸ்ட்ரின் உற்பத்தி செய்யும் முறை, காகிதக்கூழை வெளுக்க உதவும் சைலனேஸ் முதலியவற்றின் வளர்ச்சியில் இவரது ஆய்வுகளுக்கு முக்கிய பங்கு உண்டு.

காரவிரும்பிகள் சோடா ஏரிகள் போன்ற அரிய இடங்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதும், சாதாரணத் தோட்ட மண்ணிலும் அவை பரவலாக வாழ்கின்றன என்பதும் இவரது ஆய்வுகளால் நிறுவப்பட்டன. நுண்ணுயிரியலாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்திய நடுநிலையான வளர்ப்பு ஊடகங்களில் இவை வளராமையால், காலடி மண்ணிலேயே இருந்தும் நெடுங்காலம் கண்ணில் படாமல் இருந்தன. பிற்காலத்தில் ஹொரிகோஷி கரிமக் கரைப்பான்களைத் தாங்கும் பாக்டீரியாக்கள், ஆழ்கடல் நுண்ணுயிர்கள் முதலியவற்றிலும் ஆய்வுகளை முன்னெடுத்தார். கடுஞ்சூழல் உயிரிகளைப் பற்றிய ஆய்வைத் தனித் துறையாக வளர்த்தவர்களுள் இவரும் ஒருவர்.

வாழ்க்கைக் குறிப்பு

ஹொரிகோஷி ஜப்பானின் சைத்தாமா மாகாணத்தில் பிறந்தார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேளாண் வேதியியல் பயின்று 1956ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அங்கேயே ஆய்வைத் தொடர்ந்து 1963இல் முனைவர் பட்டம் பெற்றார். இடையிலும் பின்னரும் ஐக்கிய அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் ஆகியவற்றில் ஆய்வாளராகப் பணியாற்றினார்.

இவரது ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதி ரிக்கென் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இயற்பியல், வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் கழிந்தது. காரவிரும்பிகளைப் பற்றிய இவரது அடிப்படை ஆய்வுகள் அனைத்தும் அங்கு தொடங்கியவையே. 1988இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்திலும், 1993இல் டோயோ பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானார். 1990 தொடக்கம் ஜப்பான் கடல் அறிவியல், தொழில்நுட்ப மையத்தின் ஆழ்கடல் நுண்ணுயிர் ஆய்வுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். 2016ஆம் ஆண்டு மார்ச் 16 அன்று தமது 83ஆம் அகவையில் காலமானார்.

பின்னணி

நொதியங்கள் உயிரணுக்களில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள் ஆகும். ஒவ்வொரு நொதியமும் குறிப்பிட்ட வெப்பநிலையிலும் குறிப்பிட்ட காரகாடித்தன்மையிலும் மட்டுமே சிறப்பாகச் செயல்படும். காரகாடித்தன்மை பி.எச். என்னும் சுட்டெண்ணால் அளவிடப்படுகின்றது. இதில் 7 நடுநிலையைக் குறிக்கும். அதற்குக் கீழ்ப்பட்டவை காடித்தன்மையையும் மேற்பட்டவை காரத்தன்மையையும் காட்டும். இரைப்பையில் சுரக்கும் பெப்சின் பி.எச். 2 அளவில் நன்கு செயல்படுகின்றது. ஆனால் அதே நொதியம் காரக் கரைசலில் செயலிழந்து விடும்.

துணி துவைப்பதில் நொதியங்களைப் பயன்படுத்தும் முயற்சி பழமையானது. செருமானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம் 1913ஆம் ஆண்டில், விலங்குகளின் கணையத்தில் இருந்து பெற்ற நொதியங்களைச் சலவைப் பொருளில் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் சலவைத்தூள் கரைசலின் பி.எச். பொதுவாக 9க்கும் 11க்கும் இடைப்பட்டது. இத்தகைய காரத்தில் கணைய நொதியங்கள் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதில்லை. காரத்திலேயே சிறப்பாகச் செயல்படும் நொதியங்கள் கிடைத்தால் மட்டுமே இச்சிக்கல் முழுமையாகத் தீரும் என்ற நிலை இருந்தது.

காரத்தை விரும்பும் நுண்ணுயிர்கள் உள்ளன என்பது முன்பே ஓரளவு அறியப்பட்டிருந்தது. 1934இல் வெடர் என்பவர் பசிலஸ் அல்கலோபிலஸ் என்னும் பாக்டீரியாவை விவரித்திருந்தார். நீலச் சாயத் தொட்டிகளில் சாம்பல், சுண்ணாம்பு ஆகியவற்றால் உண்டாகும் காரக் கரைசலில் சாயத்தைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுபவை பாக்டீரியாக்களே என்பதும் தெரிந்திருந்தது. ஆயினும் இவை தனித்தனிச் செய்திகளாகவே இருந்தன. அக்காலத்தில் இப்பொருள் குறித்து வெளிவந்திருந்த ஆய்வுக் கட்டுரைகள் மிகச் சிலவே.

தொடக்க ஆய்வு: மறைந்த பூஞ்சணம்

1956ஆம் ஆண்டில் ஹொரிகோஷி பட்ட மேற்படிப்பு மாணவராக அஸ்பெர்கில்லஸ் ஒரைசே என்னும் பூஞ்சணத்தை ஆராய்ந்து வந்தார். ஜப்பானில் சோயாச் சாறு, மிசோ, அரிசி மது ஆகியவற்றைத் தயாரிக்கப் பயன்படும் பூஞ்சணம் இதுவாகும். முதல் நாள் இரவு எல்லாக் குடுவைகளிலும் செழித்து வளர்ந்திருந்த பூஞ்சணம், மறுநாள் ஒரு குடுவையில் மட்டும் முற்றிலும் மறைந்திருந்தது. அதில் பாக்டீரியாக்கள் நிறைந்து காணப்பட்டன.

மாசடைந்த குடுவையைக் கொட்டிவிட்டு வேலையைத் தொடர்வதே ஆய்வுக்கூடங்களின் வழக்கம். ஹொரிகோஷி அவ்வாறு செய்யாமல் அக்குடுவையில் இருந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அது பசிலஸ் சர்க்குலன்ஸ் என அடையாளம் காணப்பட்டது. பூஞ்சணத்தின் உயிரணுச் சுவரில் உள்ள குளுக்கன் என்னும் கூட்டுச்சர்க்கரையை உடைக்கும் நொதியத்தை அது சுரந்தது. பாக்டீரியா நொதியத்தால் பூஞ்சண இழைகள் கரைவதைப் பற்றிய இவ்வாய்வு 1958ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளியானது.

இவ்வாய்வில் மற்றொரு செய்தியும் அடங்கியிருந்தது. பூஞ்சணம் இல்லாத வழக்கமான ஊடகத்தில் இந்தப் பாக்டீரியா சரியாக வளரவில்லை. நொதியமும் மிகக் குறைவாகவே சுரந்தது. ஊடகத்தில் 0.5 விழுக்காடு சோடியம் பைகார்பனேட்டு சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தியபோது வளர்ச்சியும் நொதியச் சுரப்பும் அதிகரித்தன. ஊடகத்தைக் காரமாக மாற்றியதே இதற்குக் காரணமாக இருந்தும், அதன் முழுப் பொருளையும் தாம் அப்போது உணரவில்லை என ஹொரிகோஷி பின்னாளில் எழுதியுள்ளார். அதற்கு மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

முப்பது சோதனைக் குழாய்கள்

1968ஆம் ஆண்டில் ஹொரிகோஷி இத்தாலியின் புளோரன்சு நகருக்குச் சென்றார். அங்குள்ள மறுமலர்ச்சிக் காலக் கட்டிடங்களைக் கண்டபோது, அதே காலத்தில் ஜப்பானில் வாழ்ந்த எவரும் இத்தகைய பண்பாடு ஒன்று இருப்பதைக் கற்பனை செய்தும் பார்த்திருக்க முடியாது என்ற எண்ணம் அவருக்கு ஏற்பட்டது. அது போலவே, எவரும் முயன்று பாராத வளர்ப்பு ஊடகங்களில் இதுவரை அறியப்படாத நுண்ணுயிர் உலகம் ஒன்று இருக்கக்கூடும் என்று அவர் கருதினார். உணவுப் பொருட்கள் பெரும்பாலும் காடித்தன்மை கொண்டவை. ஆகையால் காடிச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் ஓரளவு ஆராயப்பட்டிருந்தன. காரப் பகுதியோ ஏறக்குறைய தொடப்படாமலே இருந்தது.

நாடு திரும்பியதும் அவர் செய்த சோதனை மிக எளிமையானது. வழக்கமான ஊடகத்தில் சலவைச் சோடா எனப்படும் சோடியம் கார்பனேட்டு 1 விழுக்காடு சேர்க்கப்பட்டது. இந்த ஊடகம் 30 சோதனைக் குழாய்களில் ஊற்றப்பட்டு, ரிக்கென் நிறுவன வளாகத்தின் பல இடங்களில் இருந்து எடுத்த மண் ஒவ்வொன்றிலும் சிறிதளவு இடப்பட்டது. குழாய்கள் 37 பாகை செல்சியசில் ஓர் இரவு வைக்கப்பட்டன. மறுநாள் 30 குழாய்களிலும் நுண்ணுயிர்கள் வளர்ந்திருந்தன.

இதற்கெனச் சோடா ஏரிகளையோ பாலைவனங்களையோ தேடிச் செல்ல வேண்டியிருக்கவில்லை என்பதே இச்சோதனையின் சிறப்பு. நடுநிலையான சாதாரண மண்ணில் காரவிரும்பிகளின் எண்ணிக்கை, நடுநிலை விரும்பும் நுண்ணுயிர்களின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு முதல் நூறில் ஒரு பங்கு வரை இருக்கும் எனப் பின்னர் கணிக்கப்பட்டது. மண்ணில் ஆங்காங்கே, மிகச் சிறு இடங்களில், உயிர்ச் செயல்களால் தற்காலிகமாகக் காரத்தன்மை உயர்வதுண்டு. இத்தகைய நுண்ணிடங்கள் காரவிரும்பிகளின் உறைவிடமாகக் கருதப்படுகின்றன.

ஹொரிகோஷி ஊடகம்

காரவிரும்பிகளை வளர்க்க இவர் வகுத்த ஊடகம் இவரது பெயராலேயே அழைக்கப்படுகின்றது. இது இரண்டு வகைப்படும். முதல் வகையின் ஒரு லீட்டரில் அடங்கியவை பின்வருமாறு:

- குளுக்கோஸ் – 10 கிராம்
- பெப்டோன் – 5 கிராம்
- நொதிச் சாறு (ஈஸ்ட்டுச் சாறு) – 5 கிராம்
- பொட்டாசியம் பாஸ்பேட்டு – 1 கிராம்
- மக்னீசியம் சல்பேட்டு – 0.2 கிராம்
- சோடியம் கார்பனேட்டு – 10 கிராம்

இரண்டாம் வகையில் குளுக்கோசுக்குப் பதிலாகக் கரையும் மாவுப்பொருள் சேர்க்கப்படும். திண்ம ஊடகம் வேண்டுமாயின் அகார் சேர்க்கப்படும். சோடியம் கார்பனேட்டைத் தனியாக நுண்ணுயிர் நீக்கம் செய்து, ஆறிய பின்னரே ஏனையவற்றுடன் கலக்க வேண்டும். சர்க்கரையுடன் சேர்த்துச் சூடாக்கினால் காரத்தின் விளைவால் சர்க்கரை சிதைந்து ஊடகம் பழுப்பு நிறமாகிவிடும்.

காரத்தில் வாழும் முறை

பி.எச். 9க்கு மேற்பட்ட சூழலில் மிக நன்றாக வளர்ந்து, நடுநிலைக்கு அருகில் வளராமலோ மிக மெதுவாக வளர்ந்தோ காணப்படும் நுண்ணுயிர்களைக் காரவிரும்பிகள் என ஹொரிகோஷி வரையறுத்தார். இவை எவ்வாறு உயிர்வாழ்கின்றன என்பது முக்கியமான கேள்வியாக எழுந்தது. ஏனெனில், மரபுப் பொருட்களும் புரத உற்பத்தி அமைப்பும் கடுங்காரத்தில் நிலைத்திருக்க இயலாதவை.

காரவிரும்பிகளின் உயிரணுவின் உட்புறம் காரமாக இருப்பதில்லை என்பதே இதற்கான விடை. வெளிச்சூழலின் பி.எச். 10க்கு மேல் இருந்தாலும் உட்புறம் நடுநிலையை ஒட்டியே காக்கப்படுகின்றது. இதற்கு இரண்டு தடுப்புகள் உதவுகின்றன.

முதலாவது உயிரணுச் சுவர். ஹொரிகோஷி குழுவினர் விரிவாக ஆராய்ந்த சி-125 என்னும் பசிலஸ் வகையின் சுவரில், வழக்கமான பெப்டைடு-கூட்டுச்சர்க்கரை வலையுடன் காடித்தன்மை கொண்ட நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளும் காணப்பட்டன. இவற்றின் எதிர்மின்னூட்டம் ஹைட்ராக்சைடு அயனிகளை விலக்கி, நேர்மின்னூட்டமுள்ள சோடியம், ஐதரசன் அயனிகளை ஈர்க்கின்றது. இம்மூலக்கூறுகளை இழந்த விகாரிகள் காரச் சூழலில் மெதுவாகவே வளர்ந்தன.

இரண்டாவது உயிரணு மென்சவ்வு. அதில் அமைந்துள்ள ஒரு புரத அமைப்பு உட்புறத்துச் சோடியம் அயனியை வெளியேற்றி, அதற்கு மாறாக ஐதரசன் அயனியை உள்ளே கொண்டுவருகின்றது. சி-125 வகையின் விகாரி ஒன்று கார ஊடகத்தில் வளரும் திறனை இழந்திருந்தது. இக்குறையை நீக்கும் மரபணுத் துண்டு கண்டறியப்பட்டபோது, அது இந்தச் சோடியம்-ஐதரசன் பரிமாற்றப் புரதத்துக்கு உரியது எனத் தெரிய வந்தது. விகாரியில் அப்புரதத்தின் ஒரேயொரு அமினோ அமிலமே மாறியிருந்தது. 1994இல் வெளியான இம்முடிவு, காரவிரும்பிகள் ஏன் சோடியம் இன்றி வாழ முடிவதில்லை என்பதையும் விளக்க உதவியது.

நொதியங்களும் பயன்பாடுகளும்

உயிரணுவின் உட்புறம் நடுநிலையில் இருந்தாலும், நுண்ணுயிர் வெளியே சுரக்கும் நொதியங்கள் காரக் கரைசலிலேயே செயல்பட வேண்டும். எனவே காரத்தைத் தாங்கும் நொதியங்களைத் தேடுவோருக்குக் காரவிரும்பிகள் இயல்பான களமாக அமைந்தன. ஹொரிகோஷி 1971 முதல் வெளியிட்ட கட்டுரை வரிசை இந்த நொதியங்களை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தியது.

புரதச் சிதைப்பி

வரிசையின் முதல் கட்டுரை பசிலஸ் 221 என்னும் வகை சுரக்கும் புரதச் சிதைப்பியைப் பற்றியது. பி.எச். 11.5 அளவில் உச்சச் செயல்திறனைக் காட்டிய இந்நொதியம், அதனினும் கடுமையான காரத்திலும் தன் செயல்திறனின் பெரும்பகுதியைத் தக்கவைத்துக் கொண்டது. துணியில் படிந்த இரத்தம், பால், முட்டை, வியர்வை முதலிய புரதக் கறைகள் நீரில் எளிதில் கரைவதில்லை. புரதச் சிதைப்பி அவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டுவதால் அவை கழன்று விடுகின்றன.

இதே காலத்தில் டென்மார்க்கின் நோவோ நிறுவன ஆய்வாளர்களும் காரவிரும்பி பசிலஸ் வகைகளில் இருந்து புரதச் சிதைப்பிகளைப் பெற்று 1972இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். இவ்வகை நொதியங்கள் பின்னர் உலகெங்கும் சலவைத்தூள்களில் இடம்பெற்றன. தோல் பதனிடுவதில் மயிர் நீக்கவும், பழைய எக்ஸ் கதிர்ப் படச்சுருள்களின் மேலுள்ள ஜெலட்டின் படலத்தைக் கரைத்து வெள்ளியை மீட்கவும் இவை பயன்படும் என ஆய்வுகள் காட்டியுள்ளன.

செல்லுலேஸ்

செல்லுலேஸ் பருத்தி இழையின் அடிப்படைப் பொருளான செல்லுலோசை உடைக்கும் நொதியம் ஆகும். அறியப்பட்டிருந்த செல்லுலேஸ்கள் பெரும்பாலும் பூஞ்சணங்களில் இருந்து பெறப்பட்டவை. அவை காடிச் சூழலில் மட்டுமே செயல்பட்டன. ஹொரிகோஷி குழுவினர் காரவிரும்பி பசிலஸ் வகைகளில், காரத்தில் செயல்படும் செல்லுலேஸ்களைக் கண்டறிந்தனர்.

இந்த நொதியங்கள் துணியை அரித்து விடும் என எண்ணத் தோன்றலாம். ஆனால் இவை செல்லுலோசின் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகப் பகுதிகளை அதிகம் தாக்குவதில்லை. இழையின் உள்ளே ஒழுங்கற்றுள்ள பகுதிகளைச் சிறிது தளர்த்தி, அங்கே சிக்கியுள்ள எண்ணெய் அழுக்கை வெளியேற்ற உதவுகின்றன. ஜப்பானின் காவோ நிறுவனம் தன் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த காரவிரும்பி பசிலசின் செல்லுலேசைச் சேர்த்து, 1987இல் அட்டாக் என்னும் அடர் சலவைத்தூளை அறிமுகப்படுத்தியது. வழக்கமான அளவைவிட மிகக் குறைந்த தூளே போதுமானதாக இருந்ததால் அது ஜப்பானியச் சந்தையில் பெரும் வரவேற்பைப் பெற்றது.

வளைய டெக்ஸ்ட்ரின்

வளைய டெக்ஸ்ட்ரின் என்பது குளுக்கோஸ் அலகுகள் வளையமாக இணைந்த சேர்மம் ஆகும். ஆறு, ஏழு, எட்டு அலகுகள் கொண்டவை முறையே ஆல்பா, பீட்டா, காமா என வழங்கப்படுகின்றன. வளையத்தின் வெளிப்புறம் நீரை விரும்பும். உட்குழிவோ எண்ணெய்த் தன்மையுள்ள பொருட்களை ஏற்கும். ஆதலால் ஆவியாகும் மணப்பொருட்களையும், நீரில் கரையாத மருந்துகளையும் அதனுள் அடக்கி வைக்கலாம்.

மாவுப்பொருளை வளைய டெக்ஸ்ட்ரினாக மாற்றும் நொதியம் பசிலஸ் மாசெரன்ஸ் என்னும் பாக்டீரியாவில் இருந்து முன்பே அறியப்பட்டிருந்தது. அம்முறையில் விளைச்சல் குறைவு. மேலும் விளைபொருளைப் பிரித்தெடுக்க நச்சுத்தன்மையுள்ள கரிமக் கரைப்பான்கள் தேவைப்பட்டன. அவ்வாறு பெற்ற பொருளை உணவிலும் மருந்திலும் சேர்ப்பது இயலாததாக இருந்தது.

ஹொரிகோஷி குழுவினர் பசிலஸ் 38-2 என்னும் காரவிரும்பியின் நொதியத்தைப் பயன்படுத்தி இத்தடையை நீக்கினர். உருளைக்கிழங்கு மாவில் இருந்து கரைப்பான் எதுவுமின்றி, பீட்டா வளைய டெக்ஸ்ட்ரினை நேரடியாகப் படிகமாக்கிப் பெற முடிந்தது. முன்பு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 1000 டாலராக இருந்த உற்பத்திச் செலவு 10 டாலருக்கும் கீழே குறைந்தது என ஹொரிகோஷி குறிப்பிட்டுள்ளார். ஆய்வுக்கூட அரும்பொருளாக இருந்த சேர்மம் இதன் பின்னரே உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள் ஆகிய தொழில்களில் நுழைந்தது. ஜப்பானிய உணவில் இடம்பெறும் வசாபியின் காரமான மணம் பொதிக்குள் நீடித்திருக்கச் செய்வது இதன் பயன்களுள் ஒன்று.

சைலனேசும் பெக்டின் சிதைப்பிகளும்

மரக்கூழில் செல்லுலோசுடன் சைலன் என்னும் கூட்டுச்சர்க்கரையும் பழுப்பு நிறம் தரும் லிக்னினும் கலந்திருக்கும். கூழாக்கும் முறை காரத்தன்மை கொண்டது. காரத்தைத் தாங்கும் சைலனேஸ் சைலனை உடைத்தால் லிக்னின் எளிதில் வெளியேறும். வெளுப்பதற்குத் தேவையான குளோரின் சேர்மங்களின் அளவும் குறையும். சி-125 வகையும் இத்தகைய சைலனேசைச் சுரக்கின்றது.

பெக்டினைச் சிதைக்கும் கார நொதியம் குறித்து ஹொரிகோஷி 1972இல் எழுதினார். ஜப்பானியக் கைக்காகிதத்துக்கான மிட்சுமாட்டா பட்டையை இளக்குவதற்கும், பழத் தொழிற்சாலைக் கழிவுநீரைத் தூய்மைப்படுத்துவதற்கும் இத்தகைய நொதியங்களும் அவற்றைச் சுரக்கும் பாக்டீரியாக்களும் பிற ஆய்வாளர்களால் பயன்படுத்தப்பட்டன.

மரபியல் ஆய்வுகள்

காரவிரும்பிகளின் மரபணுக்களை எஷரிக்கியா கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்தி நொதியம் உற்பத்தி செய்யும் முயற்சிகளையும் ஹொரிகோஷி குழுவினர் மேற்கொண்டனர். எஷரிக்கியா கோலை தான் உருவாக்கும் புரதங்களைப் பொதுவாக வெளியே விடுவதில்லை. ஆயினும் பசிலஸ் 170 வகையில் இருந்து பெற்ற ஒரு மரபணுத் துண்டைப் புகுத்தியபோது, பெனிசிலினைச் சிதைக்கும் நொதியம் வளர்ப்பு ஊடகத்தில் வெளிப்பட்டது. 1983இல் வெளியான இம்முடிவைக் கொண்டு, புரதங்களை உயிரணுவை உடைக்காமலே வெளியில் பெறுவதற்கான மரபணுக் கடத்திகள் உருவாக்கப்பட்டன.

சி-125 வகையின் முழு மரபணுத்தொகுதி 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. 1997இல் வெளியான பசிலஸ் சப்டிலிஸ் மரபணுத்தொகுதிக்கு அடுத்து, இப்பேரினத்தில் முழுமையாக வரிசைப்படுத்தப்பட்ட இரண்டாவது மரபணுத்தொகுதி இதுவாகும். ஏறத்தாழ 42 இலட்சம் இணைகள் கொண்ட இதில், புரதங்களுக்கு உரிய 4066 மரபணுக்கள் இனங்காணப்பட்டன. நடுநிலை விரும்பும் உறவினத்துடன் ஒப்பிட்டு, காரத்தில் வாழ எந்த மரபணுக்கள் தேவை என ஆராய இது வழிவகுத்தது. பசிலஸ் ஹாலோடுரன்ஸ் எனப்பட்ட இந்த இனம் அண்மைய வகைப்பாட்டில் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டுள்ளது.

பிற கடுஞ்சூழல் உயிரிகள்

1984இல் தொடங்கிய ஜப்பானிய அரசின் ஆய்வுத் திட்டம் ஒன்று ஹொரிகோஷியின் தலைமையில் இயங்கியது. வழக்கத்துக்கு மாறான சூழல்களில் வாழும் நுண்ணுயிர்களைத் தேடுவது அதன் நோக்கம். 1989இல் ஹொரிகோஷியும் இனோவும் நேச்சர் இதழில், டோலுயீன் என்னும் கரைப்பான் பாதிப்பங்கு கலந்த ஊடகத்திலும் வளரும் சூடோமோனாஸ் வகை ஒன்றைப் பற்றி எழுதினர். டோலுயீன் 0.1 விழுக்காடு இருந்தாலே பெரும்பாலான பாக்டீரியாக்கள் இறந்துவிடும். ஆய்வுக்கூடங்களில் நுண்ணுயிர்களைக் கொல்லப் பயன்பட்ட பொருளிலேயே உயிர் வாழ்வன உள்ளன என்பது வியப்பை ஏற்படுத்தியது. எண்ணெயில் கரையும் பொருட்களை நுண்ணுயிர்களைக் கொண்டு மாற்றும் முறைகளுக்கும் இது வாய்ப்பளித்தது.

ஆழ்கடல் ஆய்வு இவரது பிற்கால ஈடுபாடு ஆகும். 1996இல் கைக்கோ என்னும் ஆளில்லா நீர்மூழ்கி, மரியானா அகழியின் அடித்தளத்தில் ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தில் இருந்து சேற்றை எடுத்து வந்தது. அதில் இருந்து ஆயிரக்கணக்கான நுண்ணுயிர் வகைகள் பிரித்தெடுக்கப்பட்டன. உயர் அழுத்தம் இன்றி வளரவே இயலாத பாக்டீரியாக்கள் 1998இல் விவரிக்கப்பட்டன. அதே சேற்றில் காரவிரும்பிகளும் இருந்தன. தோட்ட மண்ணில் கிடைத்தவற்றின் உறவினங்கள் உலகின் மிக ஆழமான கடலடியிலும் காணப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

நூல்களும் அமைப்புகளும்

காரவிரும்பிகளைப் பற்றி ஹொரிகோஷி ஆங்கிலத்தில் பல நூல்களை எழுதியுள்ளார். அக்கிபாவுடன் இணைந்து எழுதிய முதல் நூல் 1982இல் வெளிவந்தது. தொடர்ந்து 1991இலும் 1999இலும் நூல்கள் வெளியாயின. 2011இல் வெளியான கடுஞ்சூழல் உயிரிகள் பற்றிய கையேட்டின் தலைமைப் பதிப்பாசிரியராகவும் இருந்தார்.

கடுஞ்சூழல் உயிரிகளுக்கெனத் தனி ஆய்விதழ் 1997இல் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவன ஆசிரியர் ஆனார். 2002இல் உருவான கடுஞ்சூழல் உயிரிகளுக்கான பன்னாட்டுக் கழகத்தின் முதல் தலைவரும் இவரே. 2006ஆம் ஆண்டில் ஜப்பான் கல்விக்கழகப் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது.

இவரது பெயர் பெற்ற உயிரினங்கள்

- பசிலஸ் ஹொரிகோஷியை – காரவிரும்பி பாக்டீரியா. 1995இல் பெயரிடப்பட்டது, பின்னர் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டது.
- பைரோகாக்கஸ் ஹொரிகோஷியை – ஒக்கினாவா கடற்பள்ளத்தின் வெந்நீர் ஊற்றில் கிடைத்த தொல்லுயிரி. 98 பாகை செல்சியசில் மிக நன்றாக வளர்வது. 1998இல் விவரிக்கப்பட்டது, இதன் மரபணுத்தொகுதியும் அதே ஆண்டில் வெளியானது.

முக்கியத்துவம்

நுண்ணுயிரியலில் ஒரு நுண்ணுயிர் இருப்பது அறியப்பட வேண்டுமாயின், பொதுவாக அது முதலில் ஊடகத்தில் வளர வேண்டும். எந்த ஊடகம் பயன்படுத்தப்படுகின்றதோ அதில் வளர்பவையே கணக்கில் வரும். இறைச்சிச் சாறும் பெப்டோனும் கொண்டு நடுநிலைக்கு அருகில் சரிசெய்யப்பட்ட ஊடகங்கள் நோயுண்டாக்கும் பாக்டீரியாக்களை அறியப் பெரிதும் உதவின. அதே ஊடகங்கள் மண்ணில் வாழும் பெரும் கூட்டம் ஒன்றை மறைத்தும் வைத்திருந்தன. ஹொரிகோஷியின் சோதனைக்குத் தேவைப்பட்டவை சிறிது சலவைச் சோடாவும் வளாகத்து மண்ணும் மட்டுமே. இப்பொருட்கள் அதற்கு நெடுங்காலம் முன்னரும் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் இருந்தவை.

பயன் கருதித் தொடங்கிய ஆய்வு அன்று இது. சலவைத்தூளுக்கான நொதியம் தேவை என்ற நிலையில் இருந்து அன்றி, வேறு ஊடகத்தில் வேறு உயிர்கள் இருக்குமா என்ற கேள்வியில் இருந்தே இது தொடங்கியது. சலவைத்தூள், காகிதம், மருந்து, உணவு ஆகிய தொழில்களில் ஏற்பட்ட பயன்கள் அக்கேள்வியின் பின்விளைவாக வந்தவை. வளர்ப்பு ஊடகம் இன்றி மண்ணில் உள்ள மரபுப் பொருளை நேரடியாக வரிசைப்படுத்தும் முறைகள் இன்று பெருகியுள்ளன. அவற்றின் மூலம், இன்னும் வளர்க்க இயலாத நுண்ணுயிர்கள் ஏராளமாக உள்ளன என்பது உறுதியாகியுள்ளது. எனினும் ஒரு நுண்ணுயிரின் இயல்பை முழுமையாக ஆராயவும் அதன் நொதியங்களைப் பெறவும் அதை வளர்ப்பதே நேரான வழியாக இருப்பதால், பொருத்தமான ஊடகத்தைத் தேடும் பணி இன்றும் தொடர்கின்றது.

இவற்றையும் பார்க்கவும்

- நொதியம்
- காரவிரும்பி
- கடுஞ்சூழல் உயிரிகள்
- வளைய டெக்ஸ்ட்ரின்
- மரியானா அகழி